டர்பன் அம்மா வருவதற்குள்

ஜூன் 9, திங்கள்

இன்று இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். கணபதி ஏரியாவில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. மற்றவர்கள் எல்லோரும் கல்லூரி முடித்த பிள்ளைகள். நான் உள்ளே போனதும் ஒரு பெண் எழுந்து நின்று, யாரைச் சேர்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். என்னைத்தான் என்றேன். பாவம், முகம் சிவந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மிஸ் பெயர் பெனசிர். என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் வேலை, வேலை என்றார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். ஆவாரம்பாளையத்தில் எங்களுக்கு வெட் கிரைண்டர் செய்யும் யூனிட் இருக்கிறது. கல் வாங்குவது, பொருத்துவது, ஆட்களைக் கவனிப்பது என் பொறுப்பு. பேசுவதும் விற்பதும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. ஏப்ரலில் அவருக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் கேட்கும், மோட்டார் ஓடுகிற இடத்தில் கேட்காது. சரியாகிவிடும். அதுவரை யாராவது பேச வேண்டுமே.

அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அம்மா எங்கள் யூனிட்டைப் பார்க்க வருகிறார். பெயர் தேவி பிள்ளை. தமிழ் என்பது பெயரில் மட்டும்தான். கொள்ளுப்பாட்டன் காலத்தில் கப்பலேறிய குடும்பம், இங்கிலீஷ் தவிர ஒன்றும் வராது. சமையலறைச் சாமான் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் என் வீட்டுக்காரர்தான் போனில் பேசிப் பேசி அந்த அம்மாவை இங்கே வரச் சம்மதிக்க வைத்தார்.

"அக்கா, உங்களுக்கு எதப் பத்தி நல்லாப் பேச வரும்?" என்று மிஸ் கேட்டார்.

"மெஷினப் பத்திங்க."

அப்படியானால் எல்லோருமே மெஷின் வழியாக இலக்கணம் படிக்கலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் புழங்கும் ஒவ்வொரு பொருளும் எப்படி வந்தது என்று வாரம் ஒரு கதை, அதில் ஒரு பாடம். தினமும் நாலு வரி நாட்குறிப்பும் எழுத வேண்டுமாம், இங்கிலீஷில். அதற்கு இன்னும் நாளாகும். அதுவரை தமிழில் எழுதிவைக்கிறேன்.

எனக்கு இது வந்துவிடும். கல் கொத்துகிற வேலையைக் கண்ணால் பார்த்தே பழகினவள் நான்.

ஜூன் 12, வியாழன்

வீட்டுக்காரருக்குத் தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறது. தலையைக் குனிந்து குடித்தால் ஏறுவதில்லை. இங்கிலீஷில் ஆம், இஸ், ஆர் எழுதிப் பழகினேன். ஒருமைக்கு இஸ், பன்மைக்கு ஆர். இதில் என்ன கஷ்டம்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைய பாடம் இறந்தகாலம். கதை தகர டப்பாவுடையது. உணவைத் தகர டப்பாவில் அடைக்கக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைத் திறக்கிற கருவியோ நாற்பது ஐம்பது வருஷம் கழித்துத்தான் வந்ததாம். அதுவரை உளியும் சுத்தியலும் வைத்து உடைத்துத் தின்றிருக்கிறார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரைண்டரும் அப்படித்தான். முதலில் வந்ததில் மாவை எடுக்க வேண்டுமென்றால் கல்லை இரண்டு கையாலும் தூக்க வேண்டும், இடுப்புப் போய்விடும். கவிழ்த்துகிற மாதிரி வந்தது பிற்பாடுதான். முதலில் ஒரு பொருளைச் செய்கிறோம், அது படுத்தும் பாட்டைப் பிறகுதான் சரிசெய்கிறோம்.

இதை எழுந்து நின்று இங்கிலீஷில் சொன்னேன். "ஃபர்ஸ்ட் கிரைண்டர் கம்ட். பேக் பெயின் கம்ட். தென் டில்டிங் கிரைண்டர் கம்ட்." கம்ட் என்று ஒரு சொல்லே கிடையாதாம், கேம்தானாம். மிஸ் அதை மட்டும் திருத்தி, மற்றதை அப்படியே போர்டில் எழுதி எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். என் வாக்கியத்தை ஒரு வகுப்பே எழுதிக்கொண்டது. வரும் வழியில் கீழே பேக்கரியில் தேங்காய் பன் வாங்கினேன்.

ஜூலை 4, வெள்ளி

ஆஸ்பத்திரியில் தொடர் பரிசோதனை. ரத்தம் நன்றாக இருக்கிறது, கட்டி மறுபடி வருகிற அறிகுறி இல்லை என்றார் டாக்டர். அதுதானே முக்கியம். குரல் நரம்பு ஒன்று கட்டியோடு ஒட்டியிருந்ததால் அதையும் எடுக்க வேண்டியிருந்தது என்பதை மறுபடியும் சொன்னார். ஏப்ரலில் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னதுதான். மறுபக்கத்து நரம்பு ஓரளவு ஈடுகொடுக்குமாம். ஈடுகொடுக்கும் என்றால் வந்துவிடும் என்றுதானே அர்த்தம். வீட்டுக்காரர் மருந்துச் சீட்டு வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும், டாக்டர் நல்லபடியாகச் சொன்னார் என்று சொன்னேன்.

வரும்போது கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டது.

ஜூலை 19, சனி

போனில் இடம் இல்லை என்று காட்டிக்கொண்டே இருந்தது. அவர் முன்பு அனுப்பிய குரல் பதிவுகள்தான் எக்கச்சக்கம். பாலக்காட்டு டீலர் வருகிறார், டீ போட்டு வை. பேரிங் வந்ததா. சாப்பிட்டாயா. அழித்துவிடலாம் என்று காலையில் உட்கார்ந்தேன். எதை அழிப்பது என்று பார்க்க ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. மத்தியானம் ஆகிவிட்டது. ஒன்றையும் அழிக்கவில்லை. வேறு போன் வாங்கிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இப்போது பாலக்காட்டு டீலர், திண்டுக்கல் கடைக்காரர், கல் குவாரிக்காரர் எல்லோரிடமும் நான்தான் பேசுகிறேன். முதல் வாரம் அவர்கள், சார் இல்லையா, சார் இல்லையா என்று கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை. திண்டுக்கல்காரர் பழைய விலைக்கே கேட்டார். தர முடியாது என்றேன், சரி என்றுவிட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. இவர் அந்த மனிதரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்.

வீட்டில் தினமும் காலையில் பாடத்தைச் சத்தமாகப் படிக்கிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். பேசிப் பேசிப் பழகிய இங்கிலீஷ் அவருடையது, காதுக்குத் தப்பு நன்றாகப் பிடிபடும். ஒருமை பன்மை தப்பினால் விரலைத் தூக்குகிறார். இன்று இஸ்திரிப் பெட்டியின் கதை. கரிப் பெட்டி கனம், கரண்ட் பெட்டி அதைவிட லேசு. ஹெவி, ஹெவியர், லைட், லைட்டர். "குட், குட்டர்" என்றேன். தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை, ஆனால் சிரிப்புதான்.

யூனிட்டுக்கு அவர் வந்து நாளாயிற்று. வெயில் அதிகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று யூனிட்டுக்கு யாரோ ஒருவர் டேப்போடு வந்து ஷெட்டை அளந்துகொண்டிருந்தார். எங்கள் மூத்த ஃபிட்டர் மருதாசலம்தான் வந்து சொன்னான். யாரென்று கேட்டேன். பக்கத்துத் தெருவில் பெரிய அளவில் கிரைண்டர் செய்கிறவரின் ஆள். சார் மெசேஜில் வரச் சொன்னதாகச் சொன்னார். ஷெட், மெஷின், எங்கள் பெயர், எல்லாவற்றையும் அவர்களுக்குக் கொடுத்துவிடப் பேச்சு நடக்கிறதாம். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசினார். நானும் தெரிந்த மாதிரியே காபி கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து டிவியை அணைத்தேன். அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும்.

"வாயில்லாதவன் யாவாரம் பண்ண முடியாது, அம்மிணி."

"என்ற வாய் இருக்குதல்லோ."

"டீலர்கிட்டப் பேசறது வேற. அந்த டர்பன் அம்மா உன்ற இங்கிலீசைக் கேட்டா அடுத்த பிளைட்டு ஏறிரும்."

இவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குனிந்து குடித்தார்.

"அந்தம்மா வந்துட்டுப் போகட்டுமுங்க. அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க. அப்பறம் உங்க இஷ்டம்."

அவர் எழுந்து போய் டிவியை மறுபடி போட்டார்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்த போர்வை, ஜமக்காளம், திரைச்சீலை எல்லாவற்றையும் கையாலேயே துவைத்துப் போட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

செயப்பாட்டுவினை. ஃபிரிட்ஜ் வருவதற்கு முன் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி மெட்ராசுக்கு வந்து இறங்கியதாம். வெயிலில் இத்தனை கடல் தாண்டி எப்படி உருகாமல் வந்தது என்று கேட்டேன். மரத்தூளில் பொதிந்து கொண்டுவந்தார்களாம். "ஐஸ் வாஸ் பிராட் டு மெட்ராஸ்." யார் கொண்டுவந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு காரியத்தைச் செய்தவரைச் சொல்ல விருப்பம் இல்லையென்றால் இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றார் மிஸ்.

சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். "த யூனிட் வில் நாட் பி சோல்ட்" என்று எழுதினேன். யூனிட் விற்கப்படாது. பெரிதாக ஒரு டிக் போட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டர்பனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டு, சிக்னல் சரியில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

செப்டம்பர் 17, புதன்

வகுப்பு இல்லாத நாளிலும் மிஸ் வீட்டுக்குப் போனேன். தென்னாப்பிரிக்காக்காரர்கள் பேசுவதைப் போனில் போட்டுக் காட்டச் சொன்னேன். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரயில் மாதிரி ஓடுகின்றன. மிஸ்ஸின் அம்மா கொடுத்த சமோசாவைத் தின்றுகொண்டே கேட்டோம். புரியாவிட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"புரியலைனு சொல்லுங்க அக்கா. மெதுவாச் சொல்லுங்கனு கேளுங்க. அவங்க வாங்க வர்றாங்க, உங்களுக்குப் பரீட்சை வைக்க வரலை."

இந்த ஒரு பாடத்தை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

தேவி அம்மாவிடம் சொல்ல வேண்டிய கிரைண்டர் கதையை ஆறு முறை சொல்லிப் பார்த்தும் தப்பில்லை. அவர் ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை. அந்த அம்மா வருகிற அன்றைக்கு, அவரோடு பேசிப் பழகியவர் என்பதற்காக நீங்களும் வந்து பக்கத்தில் நின்றால் போதும், பேச வேண்டாம் என்றேன். எழுந்து போய்ச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 11, சனி

எல்லாம் முடிந்துவிட்டது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆட்கள் தரையைக் கழுவி, பூ கட்டி, சாமிப் படத்துக்குப் போட்டார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

தேவி அம்மா என் வயதுதான். ஒல்லியாக, உயரமாக, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தார். கும்பிட்டார். பேச ஆரம்பித்ததும் அதே ரயில். நான் கையைக் காட்டி, "மேடம், ஸ்லோலி ப்ளீஸ்" என்றேன். சிரித்துவிட்டு மெதுவாகப் பேசினார். அப்புறம் எனக்குப் பயம் போய்விட்டது.

கிரைண்டரின் கதையைச் சொன்னேன். கையால் ஆட்டியது, மோட்டார் வைத்தது, கவிழ்த்தது, மேசை மேல் ஏறியது. எல்லாம் இறந்தகாலத்தில், தப்பில்லாமல். அந்த அம்மா அதை மரியாதைக்காகத்தான் கேட்டார் என்று தோன்றியது. அவருக்கு வேண்டியது வேறு. டர்பனில் எல்லோரும் மிக்சி மாதிரி ஒன்றில்தான் உளுந்து அரைக்கிறார்கள், வடை கல்லாகிவிடுகிறது, ஏன் என்று கேட்டார். இது எந்தத் தாளிலும் இல்லாத கேள்வி. ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"பிளேட் இஸ் ஃபாஸ்ட், சோ ஹாட். ஸ்டோன் இஸ் ஸ்லோ, சோ கூல்" என்றேன். ஊறவைத்திருந்த உளுந்தை எங்கள் கிரைண்டரில் போட்டு அரைத்து, அவர் கையைப் பிடித்து மாவுக்குள் வைத்தேன். குளிர்ச்சியாக இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மா கையை எடுக்கவே இல்லை.

பிறகு அவர் கேட்டார். போன வருஷம் போனில் ஒரு மணி நேரம் என்னைச் சிரிக்க வைத்த மிஸ்டர் குழந்தைவேலு எங்கே?

என் வீட்டுக்காரர் எனக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். இவர்தான் என்று காட்டினேன். ஆபரேஷன், குரல் போய்விட்டது என்றேன். அந்த அம்மா அவரைப் பார்த்து முகம் வாடி, திரும்பி வந்துவிடும் அல்லவா என்று என்னிடம் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் என் நாக்கு நுனியிலேயே இருக்கும். மகளிடம், ஆட்களிடம், டீலர்களிடம், கோயிலில் பார்க்கிறவர்களிடம், எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். ஆனால் அதெல்லாம் தமிழில். இங்கிலீஷில் அந்தப் பொய்யை நான் பழகியிருக்கவில்லை.

"நோ மேடம். இட் வில் நாட் கம்" என்றேன்.

மோட்டார் சத்தத்திலும் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரருக்கு அது கேட்டிருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இனி உங்களோடு நான்தான் பேசுவேன், போன் செய்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்று முடித்தேன்.

வீட்டுக்காரர் மருதாசலத்தைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். மருதாசலம் ஒவ்வொரு மெஷினாக நிறுத்தினான். கடைசல் மெஷின் நின்றது, சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர்கள் நின்றன. ஷெட்டில் அப்படி ஓர் அமைதியை நான் பண்டிகை நாளில்கூடக் கேட்டதில்லை. அவர் முன்னால் வந்து, அந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி மூச்சைக் கூட்டி, வெறும் காற்றாலேயே சொன்னார்.

"மேடம். நவ் ஐ ஆம் சைலண்ட் மாடல்."

அந்த அம்மா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஆட்களுக்கு அர்த்தம் புரிந்ததோ என்னவோ, அவர்களும் சிரித்தார்கள். ஏப்ரலுக்குப் பிறகு அவர் சொன்னதை அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் துண்டை எடுத்து மாவுக் கையைத் துடைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் துடைத்தேன் போலிருக்கிறது, மருதாசலம் வந்து, போதும் அக்கா என்றான்.

அக்டோபர் 12, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரில் உட்கார்ந்து தானும் ஒன்றை எடுத்து உரித்தார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"ஏப்ரல்ல இருந்துங்க. உங்களுக்கு?"

"ஆபரேசனுக்கு முந்தின நாளே டாக்டர் சொல்லிப்போட்டாரு. எடுக்க வேண்டி வரலாம்னு."

"என்கிட்டச் சொல்லலை."

"நீதான் வந்துரும் வந்துரும்னு சொல்லிட்டே இருந்தயே, அம்மிணி. எப்படிச் சொல்றது?"

வெங்காயம் காரமான வெங்காயம். இரண்டு பேருக்குமே கண் எரிந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

டர்பனிலிருந்து மின்னஞ்சல். முதலில் கொஞ்சமாக அனுப்புங்கள், விற்றுப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அவர்கள் ஊர் பிளக் நம் ஊர்ப் பெரிய மூன்று முனை பிளக் மாதிரியேதான். அதில் மாற்ற ஒன்றும் இல்லை. மோட்டாருக்கு வேறு சான்றிதழ் வேண்டுமாம், அதற்கு அலைய வேண்டும். அலையலாம்.

ஷெட்டை அளந்த ஆள் மறுபடி வந்தார். வீட்டுக்காரர் அந்த ஆளின் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போய், காதில் ஏதோ சொன்னார். அந்த ஆள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, இது வியாபார ரகசியம் என்றார். இப்போதெல்லாம் எட்டு மணிக்கே யூனிட்டுக்கு வந்துவிடுகிறார்.

நவம்பர் 18, செவ்வாய்

கடையில் வருகிறவர்களுக்குக் காட்ட, கிரைண்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று இங்கிலீஷில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் தேவி அம்மா. போன வாரம் எடுத்தோம். நான் பேச, வீட்டுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டார். ஒரே தடவையில் நன்றாக வந்துவிட்டது, உடனே அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் போட்டுக் கேட்டேன். நடுவில் நான் "த ஸ்டோன்ஸ் இஸ் ஹெவி" என்று சொல்லியிருக்கிறேன். உடனே போனுக்குப் பின்னாலிருந்து "ஆர்" என்று காற்று மாதிரி ஒரு குரல். நானும் "ஆர் ஹெவி" என்று திருத்திக்கொண்டு மேலே போய்விட்டிருக்கிறேன். பேசுகிற மும்முரத்தில் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. போனுக்கு மிக அருகில் அவர் வாய் இருந்ததால் என் பேச்சைவிட அது தெளிவாகக் கேட்கிறது.

வெட்கமாகப் போய்விட்டது. தப்பு நேர்ந்துவிட்டது, வேறு எடுத்து அனுப்புகிறேன் என்று எழுதினேன். எழுத வேண்டியதை அகராதி பார்க்காமல் நானே எழுதினேன்.

இன்று பதில் வந்தது. வேறு வேண்டாமாம். கடை வாசலில் உள்ள டிவியில் அதுதான் காலையிலிருந்து மூடும்வரை ஓடுகிறதாம். கடைப் பெண்கள் எல்லோரும் அந்த இடம் வந்ததும் சேர்ந்து "ஆர்" என்று கிசுகிசுக்கிறார்களாம். வாங்க வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்களாம். அவரிடம் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். அந்தக் கடை வாசலில் எத்தனை பேர் நடப்பார்கள் என்று கேட்டார். எனக்கெப்படித் தெரியும் என்றேன்.

கிரைண்டரைக் கழுவித் துடைப்பது எப்படி என்று நாளைக்கு அடுத்த படம் எடுக்கிறோம். நான் எந்தப் புடவை என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் படத்தில் வரமாட்டீர்களே என்றேன். காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்க்கிறார்.